அந்தப் பலகையைக் கழற்றுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், பேரங்காடிகளின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து விதிமுறை எழுதி அனுப்புகிறவர்களுக்கும்,

நான் அம்பாங்கில் குடியிருப்பவள். மாதச் சாமான் பண்டான் இண்டாவில், துணிமணி மஸ்ஜிட் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, தீபாவளி நெருங்கினால் கிள்ளான் தெங்கு கிளானா சாலை என்று, எங்கள் வீட்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி உங்கள் கல்லாவுக்குத்தான் வருகிறது. அந்த உறவை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்களில் யாரையும் பெயர் சொல்லிக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. ஏறக்குறைய எல்லாருடைய கடையிலும் தொங்கும் ஒரு பலகையைப் பற்றியும், அதற்குக் கீழே நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது, மாற்றித் தரப்பட மாட்டாது.' கல்லாப் பெட்டிக்கு மேலே, கண்ணில் படுகிற உயரத்தில் அது இருக்கும். சில கடைகளில் மலாயில் மட்டும் இருக்கும், சில கடைகளில் மூன்று மொழியிலும் இருக்கும். ரசீதின் அடியிலும் பொடி எழுத்தில் அதே வரி. அம்பாங்கின் ஒரு பகுதி கோலாலம்பூரிலும் மறுபகுதி சிலாங்கூரிலும் கிடக்கிறது. எல்லை தாண்டினால் குப்பை வண்டி மாறும், நகராண்மை மாறும். அந்தப் பலகை மட்டும் மாறுவதே இல்லை. உங்களில் பலர் அதை யோசித்து எழுதி மாட்டியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். மற்ற கடைகளில் இருக்கிறது, நம் கடையிலும் இருக்கட்டும் என்று மாட்டியிருப்பீர்கள். அதைக் கழற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டில் ஓர் ஆண்ட்டி இருக்கிறார். பேரனின் காதுகுத்து விருந்துக்காக, அம்பாங்கில் உள்ள ஒரு மின்சாதனக் கடையில் பெரிய ரைஸ் குக்கர் ஒன்று வாங்கினார். விலை 129 வெள்ளி. முதல் முறை வைத்தபோதே அடிச்சோறு வெந்து மேல்சோறு நறுக்கரிசியாகக் கிடந்தது. அடுத்த முறை விளக்கே எரியவில்லை. விருந்து வீட்டுக் களேபரத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டு, பழைய பானையில் சோறு வடித்துச் சமாளித்தார். உறவுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு, குக்கரைத் துடைத்து, ரசீதையும் வாரண்டி அட்டையையும் பையில் வைத்துக்கொண்டு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். அன்று எட்டாவது நாள்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. நம் பிள்ளைதான். "பெட்டி எங்க ஆண்ட்டி?" என்றாள்.

"வீசிட்டேன்மா. பிளாட் வீட்ல பெட்டியை எங்க வெச்சிக்கிறது? ரசீது இருக்கு, வாரண்டி கார்டு இருக்கு."

"பெட்டி இல்லாம எடுக்க முடியாது ஆண்ட்டி. ஏழு நாளும் தாண்டிருச்சி. சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டு போகணும்."

"நான் காசு கொடுத்தது உங்க கடைக்குத்தானேம்மா?"

"சிஸ்டம்ல கீ இன் பண்ண முடியாது ஆண்ட்டி. சாரி."

மேனேஜரைக் கேட்டோம். மீட்டிங்கில் இருந்தார். முதலாளியின் எண்ணைக் கேட்டோம். தலைமை அலுவலகத்துக்கு ஈமெயில் போடச் சொன்னார்கள். நாங்கள் நின்ற நேரம் முழுக்க அந்தக் குக்கரை ஒருவரும் பிளக்கில் சொருகிப் பார்க்கவில்லை. கவுண்டருக்கு அடியிலேயே பிளக் பாயிண்ட் இருந்தது. யாருடைய கைப்பேசியோ அதில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ஆனால் பொருள் கெட்டுப்போயிருக்கிறதா இல்லையா என்பது அங்கே யாருக்கும் ஒரு கேள்வியாகவே வரவில்லை. பெட்டி உண்டா, நாள் எத்தனை என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிட்டது.

சர்வீஸ் சென்டர் சுபாங்கில் இருக்கிறதாம். திங்கள் முதல் வெள்ளி வரை, அலுவலக நேரத்தில் மட்டும். கார் இல்லாத ஒரு மூதாட்டி அம்பாங் நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறி, மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கி, கிளானா ஜெயா தடத்துக்கு மாறி, சுபாங் ஜெயாவில் இறங்கி, அங்கிருந்து கிராப் பிடித்துப் போக வேண்டும், மடியில் குக்கரோடு. பழுது பார்த்த பிறகு அதைத் திரும்ப வாங்கி வர இன்னொரு முறை. உங்கள் ஏழு நாள் விதியை எழுதியவர் இந்தப் பயணத்தை நினைத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

கடைசியில் பண்டான் இண்டாவில் ரேடியோ, காற்றாடி பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். உள்ளே தெர்மல் ஃபியூஸ் போயிருந்தது. இருபத்தைந்து வெள்ளிக்கு மாற்றிக் கொடுத்தார். ஆண்ட்டி அதற்குப் பிறகு அந்த மின்சாதனக் கடைப்பக்கம் போகவில்லை. அவர் வீட்டுப் பிரிட்ஜ், இரண்டு மகள்கள் வீட்டு வாஷிங் மிஷின் எல்லாம் அங்கே வாங்கியவைதான்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களில் பெரும்பாலோர் இதை அறியாமலேயே அந்தப் பலகையை மாட்டியிருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

அந்தப் பலகைக்கு ஒரு காலத்தில் உயிர் இருந்தது உண்மை. 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், விற்பவரும் வாங்குபவரும் வெளிப்படையாக ஒத்துக்கொண்டால், பொருளின் தரத்தைப் பற்றிச் சட்டம் தானாகவே தரும் உறுதிகளைத் தள்ளிவைக்கலாம் என்றது. அதன் 62ஆம் பிரிவு அது. இரு தரப்பும் வியாபாரிகளாக, சரிசமமாக உட்கார்ந்து பேரம் பேசுகிற இடத்துக்கு அது பொருந்தும். குக்கர் வாங்க வந்த கிழவிக்கும் நாடெங்கும் கிளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் இடையே அப்படி என்ன பேரம் நடக்கப்போகிறது? அதனால்தான் 1999இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவு, இந்தச் சட்டம் பயனீட்டாளருக்குத் தந்ததை எந்த ஒப்பந்தத்தாலும் எடுத்துவிட முடியாது என்கிறது. ஒப்பந்தத்தாலேயே முடியாது என்றால் சுவரில் மாட்டிய பலகையால் எப்படி முடியும்?

அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருந்தாக வேண்டும் என்கிறது. எதற்காக வாங்குகிறோமோ அதற்கு உதவ வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், சின்னக் குறைகூட இல்லாமல் இருக்க வேண்டும், நாள்பட உழைக்க வேண்டும். பொருளின் தன்மையையும் விலையையும் வைத்து, நியாயமான ஒருவர் எதை ஏற்பாரோ அதுவே அளவு. மலிவு விற்பனையில் வாங்கியதற்கும் இது உண்டு. இன்ன இடத்தில் இன்ன குறை இருக்கிறது என்று வாங்குமுன் நீங்கள் எடுத்துக் காட்டியிருந்தால் அந்தக் குறைக்கு மட்டும் நீங்கள் பொறுப்பல்ல. 'சலுகை விலை, திரும்பப் பெறமாட்டோம்' என்று எழுதி ஒட்டினால் மட்டும் போதாது.

'தயாரிப்பாளரிடம் போங்கள்' என்று கைகழுவவும் வழியில்லை. குறைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்தான். பழுது நீக்கித் தரலாம், மாற்றித் தரலாம், அதுவும் ஆகாதென்றால் பணத்தைத் திருப்பித் தரலாம். அதற்கு நியாயமான கால அவகாசமும் உங்களுக்கு உண்டு. ஆனால் சுபாங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவரும் வேலை உங்களுடையது. எழுபது வயதுப் பெண்மணியின் மடியில் அதை ஏற்றக்கூடாது. குறை பெரிதாக இருந்தால் பொருளை வேண்டாம் என்று சொல்லும் உரிமையே வாங்கியவருக்கு வந்துவிடுகிறது. அப்போது பணமா, மாற்றுப் பொருளா என்று தேர்ந்தெடுப்பவரும் அவரே. பணம் என்று சட்டம் சொல்வது கையில் எண்ணிக் கொடுக்கும் பணத்தைத்தான். இன்னொரு நாள் வந்து எங்கள் கடையிலேயே செலவழியுங்கள் என்று நீட்டும் கிரெடிட் நோட்டு அந்தக் கணக்கில் சேராது.

ஏழு நாள், பதினான்கு நாள் என்று நாள்கணக்கையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. நியாயமான காலம் என்கிறது. குறை வெளியே தெரிய எவ்வளவு நாள் ஆகுமோ அதையும் சேர்த்துத்தான் அந்தக் காலம். குளிர்சாதனப் பெட்டியின் குறை ஒரு வாரத்தில் தெரியாமலும் இருக்கலாம். அட்டைப்பெட்டி வேண்டும் என்று சட்டத்தில் நான் எங்கும் பார்க்கவில்லை.

இந்தச் சட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்ததும் நிறம் பிடிக்கவில்லை, கணவருக்குப் பிடிக்கவில்லை, அடுத்த கடையில் பத்து வெள்ளி குறைவு என்று வருகிறவர்களுக்கு நீங்கள் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. நாங்களே கீழே போட்டு உடைத்ததற்கும் நீங்கள் பொறுப்பில்லை. அங்கே ஏழு நாள் வைப்பதும் பெட்டி கேட்பதும் உங்கள் விருப்பம், அது நீங்கள் காட்டும் பெருந்தன்மை. மனம் மாறி வருகிறவரையும் கெட்ட பொருளோடு வருகிறவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே பலகையைக் காட்டித் திருப்பி அனுப்புவதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது.

வெளியுலகம் இந்த இடத்தில் எப்போதோ தெளிவாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று பொத்தாம்பொதுவாகப் பலகை மாட்டுவதே சட்டப்படி தவறு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கெட்டுப்போன பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று பெயரிட்டுச் சொல்கிறது. ரசீதில் காலக்கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து சேலை இறக்கி விற்கும் நம் வியாபாரிகள் இதைக் கவனிப்பது நல்லது.

ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது நீங்கள் தருவது சூட்டில் எழுத்து விழும் தாள். நம் ஊர் வெயிலில் காருக்குள் வைத்தால் சீக்கிரமே மங்கிவிடுகிறது, பர்சுக்குள் வைத்தாலும் உரசி உரசி எழுத்து போய்விடுகிறது. வாரண்டி ஒரு வருடம். அதை நிரூபிக்கும் தாளின் எழுத்து அத்தனை நாள் தாங்குவதில்லை. பிறகு வெள்ளைத் தாளை நீட்டுகிற பயனீட்டாளரைப் பார்த்து 'அசல் ரசீது வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது' என்கிறீர்கள். அந்த விற்பனை உங்கள் கணினியில் தேதியோடு, நேரத்தோடு இருக்கிறது. உறுப்பினர் அட்டைக்காக எங்கள் கைப்பேசி எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். சலுகை விளம்பரம் அனுப்ப அந்த எண் பயன்படுகிறது. எங்களுக்கு ஒரு தேவை வரும்போது அதே எண்ணைத் தட்டி ரசீதைத் தேடித் தரக்கூடாதா?

இத்தனைக்கும் நான் அதிகம் வருந்துவது சட்டத்தைப் பற்றியல்ல. அந்தக் கவுண்டர் பெண்ணைப் பற்றி.

பேரங்காடியில் வரிசையில் நிற்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேஷியர் ஒரு பால் டின்னைத் தவறுதலாக இரண்டு முறை ஸ்கேன் செய்துவிடுவாள். அதை நீக்க அவளால் முடியாது. மணி அடிப்பாள், தலைக்கு மேலே விளக்கு மினுங்கும், சூப்பர்வைசர் எங்கோ இருந்து சாவியை எடுத்துக்கொண்டு வருவார். அதுவரை கூட்டம் அவளை முறைத்துக்கொண்டு நிற்கும். ஐந்து வெள்ளிப் பால் டின்னை ரத்து செய்யும் உரிமைகூட இல்லாத பிள்ளையைத்தான், 129 வெள்ளிக் குக்கருக்காக ஆற்றாமையோடு வரும் மனிதருக்கு எதிரே நிறுத்தியிருக்கிறீர்கள். 2025 பிப்ரவரி முதல் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தப் பிள்ளைகளில் பலர் வாங்குவது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்தச் சம்பளத்துக்குள் உங்கள் விதிகளுக்காக வசவு வாங்குவதும் சேர்ந்துவிடுகிறது. விதியை எழுதியவருக்குத் தனி அறை, குளிர்சாதனம், மீட்டிங். அவரிடம் நாங்கள் போய்ச் சேரவே முடியாது.

அந்தப் பெண் குக்கரைச் சொருகிப் பார்க்காததற்கு என்ன காரணம் என்று நான் நிறைய யோசித்தேன். சோம்பல் என்று எனக்குத் தோன்றவில்லை. சொருகிப் பார்த்து, கெட்டுவிட்டது என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் என்ன செய்வாள்? அவளால் எதுவும் செய்ய முடியாது. தெரிந்துகொண்டும் இல்லை என்று சொல்வதைவிட, தெரிந்துகொள்ளாமல் இல்லை என்று சொல்வது அவளுக்கு எளிது. நாள்தோறும் இப்படிச் சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளைகளின் முகம் இறுகிப்போகிறது. 'சர்வீஸ் சரியில்லை, சிரிப்பே இல்லை' என்று நாங்கள் அவர்களைத் திட்டுகிறோம். உதவி செய்ய எந்த வழியும் இல்லாத ஒருவரைச் சிரிக்கச் சொல்வது கொடுமை. சேவைப் பயிற்சி, புன்னகைப் பட்டறை என்று செலவழிக்கிறீர்கள். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை அவள் கையில் அதிகாரமாகக் கொடுத்துப் பாருங்கள்.

ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தினருக்கு வந்த சிக்கலைத் தீர்க்க எந்த ஊழியரும், அறை துடைப்பவர் உட்பட, 2,000 அமெரிக்க டாலர் வரை மேலிடத்தைக் கேட்காமலே செலவழிக்கலாம். அது பணக்காரர் தங்கும் இடம், நம் கடைக்கு ஒத்துவராது என்பீர்கள். சரி. உங்கள் கேஷியருக்கு 50 வெள்ளி கொடுங்கள். சூப்பர்வைசருக்கு 200 வெள்ளி. அதற்குள் உள்ள எதையும், தன் கண்ணால் பார்த்து, நியாயம் என்று பட்டால் அங்கேயே மாற்றிக் கொடுக்கட்டும். மாதக் கடைசியில் கணக்கைப் பாருங்கள். ஏமாற்றியவர்கள் சிலர் இருப்பார்கள். கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு வியர்வை வாடையோடு சேலையைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், அவர்களை நானும் அறிவேன். அந்தச் சிலருக்குப் பயந்து மற்ற அத்தனை பேரையும் திருடரைப் போல நிற்கவைக்கிற விலை அதைவிடப் பெரிது.

நம்பி வியாபாரம் செய்வது நமக்குப் புதிதல்ல. 555 புத்தகத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அளவே இருக்கும், அட்டையில் 555 என்று போட்டிருக்கும். தோட்டத்து மளிகைக் கடையிலும் பட்டணத்து மூலைக்கடையிலும் அதில்தான் கணக்கு. அரிசி, பருப்பு, சார்டின் என்று எழுதிக்கொண்டு சம்பள நாளில் தீர்ப்பார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே புத்தகத்தில் இல்லாததை ஏற்றி எழுதி, படிக்கத் தெரியாத தொழிலாளிகளை ஏய்த்த கடைகளும் உண்டு. ஆனால் புழுத்த பருப்பைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரரே முறத்தில் கொட்டிப் பார்ப்பார். தலையைச் சொறிந்துகொண்டு வேறு எடை போட்டுக் கொடுப்பார். முடிவெடுக்கக்கூடிய மனிதர் கவுண்டரில் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். இன்று கடை பெரிதாகிவிட்டது, கிளை பெருகிவிட்டது, முதலாளி கவுண்டரில் உட்கார முடியாது. அவர் உட்கார்ந்திருந்தால் எடுத்திருக்கும் முடிவை எடுக்க ஒருவரை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். நீங்கள் விட்டுவிட்டுப் போனது பலகையை.

விலையிலும் இதே கதைதான். ரேக்கில் 12.90 என்று ஒட்டியிருக்கும், கவுண்டரில் 15.90 என்று விழும். கேட்டால் 'சலுகை நேற்றோடு முடிஞ்சிருச்சி, ஸ்டிக்கர் இன்னும் எடுக்கல' என்பார்கள். எடுக்காதது யார் பிழை? விலையைத் தவறாகக் காட்டுவது நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஒட்டியிருந்த விலைக்கே கொடுத்துவிட்டு ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் மூன்று வெள்ளியோடு போயிற்று. ஆனால் கேஷியரால் விலையைத் திருத்த முடியாது, சாவி வேண்டும், சாவிக்காரர் சாப்பிடப் போயிருப்பார். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார். மூன்று வெள்ளிக்காகவா என்று நாமே கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். இப்படி எத்தனை பேர் கூச்சப்படுகிறார்களோ, அத்தனை மூன்று வெள்ளி தவறான வழியில் உங்கள் கல்லாவில் விழுகிறது.

துணிக்கடைக்காரர்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் கால்வைக்க இடமிருக்காது. ஒரு சேலைக்காக ஐம்பது சேலையை விரித்துக் காட்டி, மடித்து வைத்து, மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். நிறம் பிடிக்கவில்லை என்று வந்தால் மறுத்துவிடுங்கள், நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் முதல் அலசலிலேயே சாயம் இறங்கி ரவிக்கையெல்லாம் சிவந்துபோனதோடு வருகிறவளிடம் 'வீட்ல எப்படி அலசினீங்களோ' என்று கேட்காதீர்கள். பிள்ளையின் ஜிப்பாவைப் பொட்டலத்திலிருந்து எடுத்ததும் தையல் விட்டிருந்தால் 'ஓப்பன் பண்ணிட்டீங்களே' என்று சொல்லாதீர்கள். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? இந்த வாரம் கூட்டம், தீபாவளி முடிந்து வாருங்கள் என்கிறீர்கள். அந்தப் பிள்ளை தீபாவளிக்குத்தான் அதை உடுத்த வேண்டும்.

மற்றொன்றும் நடக்கிறது. கைப்பேசிச் செயலியில் வாங்கினால், கெட்டுப்போனதைப் படம் பிடித்து அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள். அவர்களிடம் 'நம்ம ஆளுங்க கடையில வாங்கு' என்று நாங்கள் சொன்னால், 'அங்க மாத்திக் கொடுப்பாங்களா?' என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம். முகம் பார்த்து, ஊர் விசாரித்து, காப்பி வேணுமா என்று கேட்கும் கடையைவிட முகமே தெரியாத செயலி நம்பகமானது என்று ஒரு தலைமுறை முடிவு செய்வதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

எங்கள் கையிலும் வழி இல்லாமல் இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், மூன்று ஆண்டுக்குள் போட்டால் போதும். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, பொதுவாக வைக்கவும் விடமாட்டார்கள். தீர்ப்பை மதிக்காவிட்டால் அது குற்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். எஸ்.எம். முகமது இட்ரிஸ் போன்றவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழியாகப் பல பத்தாண்டுகள் விடாமல் கத்தியிருக்காவிட்டால், 1973இல் உருவான ஃபோம்கா போன்ற பயனீட்டாளர் அமைப்புகள் கேட்டுக்கொண்டே இருந்திருக்காவிட்டால், இவ்வளவும் நமக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். சக பயனீட்டாளர்களுக்கும் சொல்கிறேன், அவசியப்பட்டால் தயங்காமல் போங்கள்.

ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்களில் பலர் போகமாட்டோம். 129 வெள்ளிக்காக ஒரு நாள் வேலையை விட முடியாது. பாரம் நிரப்பத் தெரியாது, தெரிந்தாலும் அதிகாரிகள் முன்னால் நிற்கக் கூச்சம். புகார் வராததைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். கீழ்வீட்டு ஆண்ட்டி எங்கும் புகார் செய்யவில்லை. கோயிலில், கல்யாண வீட்டில், மாடிப்படியில் அந்தக் கடையின் பெயர் வரும்போதெல்லாம் 'அங்க வேணாம்மா' என்று மட்டும் சொல்கிறார்.

ஆகவே கேட்கிறேன். அடுத்த பண்டிகைக்கூட்டம் தொடங்கும் முன் அந்தப் பலகையைக் கழற்றுங்கள். ரசீது அடிக்கும் இயந்திரத்தில் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். அதன் இடத்தில் எழுத வேண்டியதை நானே எழுதித் தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: 'பொருளில் குறை இருந்தால் ரசீதோடு வாருங்கள். பார்த்து, சரிசெய்தோ மாற்றியோ பணத்தைத் திருப்பியோ தருகிறோம். மனம் மாறி வந்தால் ஏழு நாளுக்குள், பிரிக்காத பெட்டியோடு வாருங்கள். இன்று முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்…' என்று எழுதி, அந்த இடத்தில் அன்றன்று பணியில் இருப்பவரின் பெயரைப் போடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் கைப்பேசி எண்ணும் இருக்கட்டும். அது மீட்டிங் நேரத்திலும் எடுக்கப்படுகிற எண்ணாக இருக்கட்டும். மின்சாதனம் விற்பவர்கள் கவுண்டர்மேல் ஒரு பிளக் பாயிண்டை இதற்கென்றே ஒதுக்குங்கள். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, எவ்வளவு வரை அவர்களே முடிவு செய்யலாம் என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் எடுத்த முடிவு தவறிப்போனாலும் சம்பளத்தில் கைவைக்க மாட்டோம் என்பதையும் அதே தாளில் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
அம்பாங்கிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி